கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும்: தோல் நகரங்களில் விளையாட்டும் விசுவாசமும்

பள்ளி ஆண்டு விளையாட்டு விழாவுக்கு யார் சிறப்பு விருந்தினராக வந்தாலும், சில கருத்துகளைச் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்குவதில்லை. விளையாட்டு ஒழுக்கத்தை வளர்க்கும், தோல்வியைத் தாங்கும் மனத்தைத் தரும், சாதி மத வேற்றுமையை மறக்கச் செய்யும் என்பார்கள். கேட்பவர்களும் மனமாரக் கைதட்டுகிறார்கள். ஆனால் இந்த நம்பிக்கை உண்மைதானா என்று உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் நம்மில் குறைவு.

பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் நகரங்களில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. இங்கே மனித உடல் என்பது முதலில் உழைப்புக்கான உடல். காலையில் கம்பெனி பஸ் ஏறி, மாலையில் களைத்துத் திரும்பும் உடல். அந்த உடல் விளையாடவும் உரிமை பெற்றது என்று சொல்ல ஒருவருக்கு ஆழமான காரணம் வேண்டும். கத்தோலிக்கனாகவும் விளையாட்டு ரசிகனாகவும் இந்த வட்டாரத்தைப் பார்க்கும் எனக்கு அந்தக் காரணம் விசுவாசத்திலிருந்து கிடைக்கிறது. ஞாயிறுதோறும் திருப்பலியில் நாங்கள் அறிக்கையிடும் விசுவாசத்தில் ஆன்மாவின் வாழ்வோடு உடலின் உயிர்ப்பும் இருக்கிறது. உடலை இவ்வளவு உயர்வாக மதிக்கும் ஒரு சமயம், அந்த உடல் ஓடுவதையும் தாவுவதையும் பளு தூக்குவதையும் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தக் கட்டுரையின் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். கோடு போட்ட இடத்துக்குள் நீதி எப்படி இருக்கும் என்பதை விளையாட்டு நமக்குக் காட்டுகிறது. கோட்டைத் தாண்டி அதை ஊருக்குள் கொண்டுவரும் வலிமை விளையாட்டுக்குத் தானாக இல்லை. அதை மனிதர்கள்தான் கொண்டுவர வேண்டும். அந்தக் கடமையை விசுவாசம் அவர்கள் தோளில் வைக்கிறது.

தோல் தைத்தவரின் ஓட்டப்பந்தயம்

விளையாட்டைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் பேசத் தொடங்கினால் முதலில் வருபவர் புனித பவுல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில் ஓட்டக்காரரையும் குத்துச்சண்டை வீரரையும் அவர் எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். வாடிப்போகும் ஒரு வாகைக்காக அவர்கள் உடலை அவ்வளவு கட்டுப்படுத்துகிறார்களே, வாடாத வாகைக்காக நாம் எவ்வளவு செய்ய வேண்டும் என்பது அவருடைய வாதம். கொரிந்து மக்களுக்கு இந்த எடுத்துக்காட்டு மிகவும் பழகிய ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் அந்த நகருக்கு அருகிலேயே நடந்தன. வென்றவருக்குத் தழைகளால் கட்டிய முடியே பரிசு. கி.பி. 50ஐ ஒட்டிய ஆண்டுகளில் பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தார்.

தங்கியிருந்த காலத்தில் என்ன வேலை செய்தார் என்பதைத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியரோடு சேர்ந்து கூடாரம் செய்து பிழைத்தார். அந்தத் தொழிலில் தோலை வெட்டுவதும் தைப்பதும் முக்கிய வேலைகள் என்பது விவிலிய அறிஞர்கள் பலரின் கருத்து. பகலெல்லாம் ஊசியும் நூலுமாகக் குனிந்திருந்த ஒரு தொழிலாளிதான் ஓட்டப்பந்தயத்தைப் பற்றி எழுதினார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ‘அப்பர்’ எனப்படும் மேல்பாகத்தைத் தைக்கும் ஒருவர் இந்தத் திருமுகத்தை வாசிக்கும்போது, அதை எழுதியவர் தன் தொழிலுக்குப் பக்கத்தில் நின்றவர் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

அதே நூலின் 9, 10ஆம் அதிகாரங்கள் தோல் நகரங்களுக்கு இன்னும் நெருக்கமானவை. திருத்தூதர் பேதுரு யோப்பா நகரில் தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில் தங்குகிறார். கடலோரத்தில் இருந்தது அந்த வீடு. செத்த விலங்கின் தோலைக் கையாளும் தொழிலை அன்றைய யூத சமூகம் தாழ்வாகவே கருதியது. அந்த வீட்டு மாடியில் செபிக்கும்போதுதான் பேதுருவுக்குக் காட்சி கிடைக்கிறது. எந்த மனிதரையும் தீட்டானவர் என்று ஒதுக்கக் கூடாது என்று அவர் அங்கே கற்றுக்கொள்கிறார். மறுநாள் புறப்பட்டு, பிற இனத்தவரான கொர்னேலியு என்ற உரோமை நூற்றுவர் தலைவரின் வீட்டுக்குள் நுழைகிறார். திருச்சபையின் கதவு உலகத்துக்குத் திறந்த கதை தோல் பதனிடுபவர் ஒருவரின் வீட்டு மாடியில் தொடங்குகிறது. வேலூர்ப் பகுதியில் மறையுரை ஆற்றும் ஒவ்வொருவரும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

தோல் பந்தும் தீட்டும்

விளையாட்டு சாதியைப் போக்கும் என்ற நம்பிக்கையை இந்திய வரலாறு இரண்டு முறை தெளிவாகச் சோதித்துக் காட்டியிருக்கிறது. இரண்டிலும் நடுவில் இருந்தது தோலால் ஆன பந்து.

1891இல் ஸ்ரீநகரில் ஆங்கிலிக்கன் மிஷன் பள்ளியின் தலைமையாசிரியர் சிசில் டின்டேல்-பிஸ்கோ ஒரு கால்பந்தைக் கொண்டுவந்தார். மாணவர்களில் பெரும்பாலோர் காஷ்மீரப் பிராமணர்கள். பந்து தோலால் செய்தது என்று தெரிந்ததும், அதைத் தொட்டால் தீட்டு என்று மறுத்தார்கள். அவர் விடவில்லை. கையில் தடி ஏந்திய ஆசிரியர்களைச் சுற்றிலும் நிறுத்தி மாணவர்களை ஆட வைத்தார். ஒரு மாணவனின் முகத்தில் பந்து பட்டபோது ஆட்டம் நின்றது. அவன் ஆற்றில் முகம் கழுவி வந்த பிறகு தொடர்ந்தது. பிற்காலத்தில் காஷ்மீர இளைஞர்கள் கால்பந்தை விரும்பி ஆடினார்கள் என்பது உண்மை. உடல் வலிமையும் ஒழுக்கமும் ஒன்றாக வளரும் என்று நம்பிய 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சீர்திருத்தச் சபைக் கல்வி மரபின் துணிச்சல் இதில் தெரிகிறது. அதன் குறையும் தெரிகிறது. விரும்பி ஆடுவதுதான் விளையாட்டு. தடியைக் காட்டி ஆட வைத்தால் அது பயிற்சியாகும், கீழ்ப்படிதலாகும், விளையாட்டு ஆகாது.

இரண்டாவது சோதனை கிரிக்கெட்டில் நடந்தது. தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சாதியில் பிறந்த பல்வங்கர் பாலூ, அவர் காலத்து இந்தியாவின் தலைசிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். புனேயில் ஆங்கிலேயரின் கிளப் ஒன்றில் மைதானப் பணியாளராக இருந்தபடியே பந்து வீசிப் பழகினார். ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்ற ஆசையில் இந்து அணியினர் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் கூடாரத்துக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில் தேநீர் தந்தார்கள். 1911இல் இங்கிலாந்து சென்ற முதல் அகில இந்திய அணியில் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆனாலும் இந்து அணியின் தலைமைப் பொறுப்பு கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டல்தான் அந்த இடத்துக்கு வந்தார்.

எல்லைக்கோட்டுக்குள் பாலூ சமமானவர். அதைத் தாண்டியதும் தீண்டத்தகாதவர். விளையாட்டு தன் கோட்டுக்குள் ஓர் உண்மையைக் காட்டிவிட்டது. விக்கெட் விழும்போது வீசியவரின் சாதி அதில் எந்த மாற்றமும் செய்வதில்லை என்ற அந்த உண்மை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கண்ணால் கண்ட பிறகும் குவளை மாறவில்லை.

உளவியல் ஆய்வும் இதையே வேறு வகையில் சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் புரூஸ் ஒகில்வியும் தாமஸ் டட்கோவும் ஆயிரக்கணக்கான வீரர்களை ஆராய்ந்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போட்டி விளையாட்டு நல்ல குணத்தை உருவாக்குகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பது அவர்கள் முடிவு. ஏற்கெனவே மன உறுதி உள்ளவர்கள் போட்டியில் நிலைக்கிறார்கள், அந்த உறுதியை விளையாட்டு கொடுத்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம் என்றார்கள். 1980களில் பிரெண்டா பிரெடமையர், டேவிட் ஷீல்ட்ஸ் ஆகியோரின் ஆய்வுகள் இன்னொன்றைக் கண்டன. அன்றாட வாழ்க்கையில் பிறரை எண்ணிப் பார்க்கும் அதே மனிதர்கள், ஆட்டத்துக்குள் வந்ததும் தங்கள் நலத்தை மட்டும் வைத்து நியாயம் பேசுகிறார்கள். ஆகவே விளையாட்டு விழா மேடையில் சொல்லப்படும் வாக்கியம் பாதி உண்மைதான். மீதிப் பாதி, அங்கே பிள்ளையின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

திடலில் இறங்கிய குரு

பக்கத்தில் நிற்பதையே ஒரு கல்வி முறையாக ஆக்கியவர் புனித ஜான் போஸ்கோ. நம் மக்கள் வாயில் தொன் போஸ்கோ. இத்தாலியின் துரின் நகரம் தொழில்மயமாகிக்கொண்டிருந்த காலம் அது. கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த சிறுவர்கள் கொத்தனாருக்குக் கல் சுமந்தும் புகைபோக்கி துடைத்தும் தெருவில் படுத்தும் வளர்ந்தார்கள். 1841 டிசம்பர் 8 அன்று, ஆலயத்துக்குள் ஒதுங்கிய ஓர் அநாதைச் சிறுவனோடு தொன் போஸ்கோ தன் பணியைத் தொடங்கினார். அவருடைய இல்லத்துக்கு நான்கு முகங்கள்: வீடு, கோயில், பள்ளி, திடல். திடலை மற்ற மூன்றுக்கும் இணையாக அவர் வைத்ததுதான் புதுமை. சிறுவயதில் கயிற்றின் மேல் நடந்தும் வித்தைகள் காட்டியும் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டியவர் அவர். கிராமத்தார் பார்த்துச் சிரித்த வித்தையைப் பிற்காலத்தில் மறைக்கல்விக்கு வாசலாக்கினார்.

அவருடைய முறையின் நெஞ்சம் எளிமையானது. தப்பு செய்த பிறகு தண்டிப்பதைவிட, தப்பு செய்ய மனம் வராதபடி பிள்ளையோடு இருப்பது மேல். அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றின் மேல் அதைக் கட்டினார். ஆசிரியரும் குருவும் மேடையில் நின்று பார்ப்பதை விட்டுவிட்டு அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு திடலில் இறங்க வேண்டும். ஸ்ரீநகரில் தடியோடு சுற்றி நின்ற ஆசிரியர்களையும் துரினில் பிள்ளைகளோடு ஓடிய குருக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே விளையாட்டு இரண்டு வேறு பாடங்களைத் தருவது புரியும்.

தொன் போஸ்கோவின் இன்னொரு செயல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தொழில் பழகப் போகும் சிறுவர்களுக்காக 1850களின் தொடக்கத்திலேயே முதலாளிகளோடு எழுத்து ஒப்பந்தம் போட்டார். பையனை அடிக்கக் கூடாது, தொழிலுக்குத் தொடர்பில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது, ஞாயிறும் திருநாளும் ஓய்வு தர வேண்டும் என்று நிபந்தனைகள் வைத்தார். விளையாடத் திடல் கொடுத்தவரே விளையாட நேரத்தையும் வாங்கிக் கொடுத்தார். கோட்டுக்கு வெளியே போய்ப் பேசியதால்தான் அவருடைய திடலுக்குப் பொருள் வந்தது.

அவருடைய சலேசிய சபை அந்த மரபை உலகெங்கும் எடுத்துச் சென்றது. 1908இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில், தெருவில் பந்து ஆடிய சிறுவர்கள் வண்டியில் அடிபடும் ஆபத்தைக் கண்ட லொரென்சோ மாஸா என்ற சலேசியக் குரு ஆலய வளாகத்தைத் திறந்துவிட்டார். ஞாயிறு திருப்பலிக்கு வர வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. அந்தச் சிறுவர்களின் குழுதான் சான் லொரென்சோ கால்பந்து கழகமாக வளர்ந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சிறுவயது முதல் அந்தக் கழகத்தின் ரசிகராக இருந்தார்.

அதே சபையினர் 1906இல் தஞ்சாவூரில் கால்வைத்து, பின்னர் இந்தத் தோல் நகரங்கள் அடங்கிய அன்றைய வடஆர்க்காட்டுக்கு வந்தார்கள். 1951இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி தொடங்கியது. 1952இல் வேலூர் மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயரான மரியசெல்வம் ஒரு சலேசியர். 1954இல் சலேசியச் சகோதரிகள் காட்பாடியில் பெண்களுக்காக அக்ஸீலியம் கல்லூரியைத் தொடங்கினார்கள். ஆக, தோல் நகரங்களின் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திடல் என்பது வெளியிலிருந்து இரவல் வாங்கிய கருத்தல்ல. தொடக்க நாள்களிலிருந்தே வந்த சொத்து அது.

சத்துவாச்சாரியின் இரும்பு

குணத்தைப் பற்றிப் பேச வேலூருக்கு வெளியே போக வேண்டியதில்லை. நகரின் ஒரு பகுதியான சத்துவாச்சாரி பளு தூக்குதலுக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து வந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். ஸ்நாட்ச் முறையில் 149 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 179 கிலோ, மொத்தம் 328. அந்த 149 அப்போதைய போட்டிச் சாதனை. 2018இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் அதே பிரிவில் மீண்டும் தங்கம் வென்றார். அவருடைய தந்தை முன்னாள் படைவீரர், தேசிய அளவில் பளு தூக்கியவர், பிறகு வேலூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் காவலாளியாக வேலை பார்த்தவர். மகனுக்கு இரும்பைப் பழக்கியதும் அவன் சாப்பாட்டைக் கவனித்ததும் அவரே. நாம் தேடிய, பக்கத்தில் நிற்கும் மனிதர் இந்தக் கதையில் தந்தை வடிவில் இருக்கிறார்.

ஸ்நாட்சைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அதில் இருக்கும் ஒழுக்கம் புரியும். பெயர் அழைத்ததும் வீரருக்கு ஒரு நிமிடம் தருகிறார்கள். கையில் சுண்ணப்பொடி பூசி, எடைத் தண்டை அகலப் பிடித்து, குதிகாலில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி இழுக்கிறார். தண்டு முழங்காலைத் தாண்டியதும் இடுப்பு வெடித்து விரிகிறது. தண்டு மேலே போகும் அந்த நொடியில் வீரர் கீழே போய்க் குந்துகிறார். உயர்த்த வேண்டிய பொருளுக்கு அடியில் தன்னைத் தாழ்த்தாமல் யாராலும் அந்த எடையைத் தூக்க முடியாது. பிறகு எழுந்து நின்று, கைகள் நடுங்காமல், நடுவரின் சைகைக்குக் காத்திருக்க வேண்டும். தலைக்கு மேல் தன் எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இரும்பு நிற்கும்போதும் இன்னொருவர் சொல்லும் வரை இறக்கக் கூடாது. மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்கு போட்டால்தான் அந்தத் தூக்கல் செல்லும். தூக்கிய எடையைக் கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. இரும்பு பொய் சொல்வதில்லை.

பொய் சொல்ல நினைத்தவர்கள் இந்த விளையாட்டில் நிறையவே இருந்தார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இரண்டு இந்திய வீராங்கனைகள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் பலர் சிக்கியதால் இந்தியப் பளு தூக்குதலே சர்வதேச அரங்கில் தடையைச் சந்தித்தது. விளையாட்டு நேர்மையைத் தானாகத் தரும் என்றால் இது நடந்திருக்காது. ஊக்கமருந்தின் பின்னால் ஒரு பயிற்சியாளர் இருக்கிறார், ஒரு சங்கம் இருக்கிறது, பதக்கம் கிடைத்தால்தான் அரசு வேலை என்ற நிர்பந்தம் இருக்கிறது. விளையாட்டைப் பற்றி 2018இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், தவற்றை வீரரின் தலையில் மட்டும் சுமத்தாமல் பெற்றோர், பயிற்சியாளர், நிர்வாகி, ரசிகர் எல்லோரையும் பொறுப்பாளிகளாக நிறுத்துகிறது. உடலை ஒரு கருவியாகச் சிறுமைப்படுத்துவது, ஊக்கமருந்து, ஊழல், ரசிகர்களின் வெறி ஆகியவை விளையாட்டின் நோய்கள் என்று அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ரசிகரும் அந்தப் பட்டியலில் இருப்பதால் ரசிகனாக நான் பதில் சொல்லியாக வேண்டும். கோல்ட் கோஸ்டில் சதீஷ் தொடைக் காயத்தோடுதான் களமிறங்கினார். ஸ்நாட்சில் அவர் 144. இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145. இரண்டாம் பகுதியில் சதீஷ் 173ஐத் தூக்கினார். 167ஐத் தூக்கிய ஆலிவர் 171இல் தோற்றுப்போனார். 317க்கு 312 என்று தங்கம் வேலூருக்கு வந்தது. இத்தகைய ஆட்டத்தைப் பார்க்கும் எந்த ரசிகன் நெஞ்சிலும், எதிராளியின் தண்டு விழ வேண்டும் என்ற ஆசை எழும். பகைவரை நேசிக்கக் கற்ற ஒரு விசுவாசிக்கு இது சின்ன விஷயம் அல்ல. நம் ஆள் தூக்க வேண்டும் என்று செபிக்கலாம். மற்றவர் விழ வேண்டும் என்று செபிக்க முடியாது. இரண்டு அணியும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இறங்கும் ஆட்டத்தில் கடவுள் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. ஆடுபவர்கள் காயமின்றித் திரும்பவும், வென்றவர் தலைகனக்காமல் இருக்கவும், தோற்றவர் வீட்டுக்குள் வெறுப்பைக் கொண்டுபோகாமல் இருக்கவும் வேண்டிக்கொள்வதுதான் ரசிகனுக்கு ஏற்ற செபம். சதீஷ் கத்தோலிக்கர் அல்லர். காயத்தோடு நின்ற அவருடைய பொறுமையைக் கண்டு என் விசுவாசம் பாடம் கற்றது. அருள் எந்தக் கூரையின் கீழும் வேலை செய்யும்.

ஷூ தைக்கும் கைகள்

ஆம்பூரின் ஷூ கம்பெனிகள் உலகச் சந்தைக்குத் தோல் காலணி அனுப்புகின்றன. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோலை அச்சு வைத்து வெட்டுவது, ஓரத்தைச் சீவுவது, அப்பர் தைப்பது, ‘லாஸ்ட்’ என்ற கால் வடிவ அச்சில் ஏற்றி அடிப்பாகம் ஒட்டுவது, மெருகேற்றுவது என்று ஒரு ஜோடி பல கைகள் மாறித்தான் பெட்டிக்குள் போகிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானைச் சேர்ந்த ஹாங் ஃபூ நிறுவனம் 1,500 கோடி ரூபாயில் தோல் அல்லாத காலணி ஆலையைத் திட்டமிட்டிருக்கிறது. 25,000 பேருக்கு வேலை, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது அறிவிப்பு. உலகப் பெயர் பெற்ற விளையாட்டுக் காலணிகளைத் தயாரிக்கும் நிறுவனம் அது. இனி உலகின் எங்கோ ஒரு மைதானத்தில் ஓடுபவரின் காலில் இருப்பது நம் ஊர்ப் பெண் தைத்ததாக இருக்கலாம்.

அந்தப் பெண் எப்போது ஓடுவாள்? பகல் முழுவதும் மெஷினுக்கு முன் அமர்ந்து எழுந்தவளுக்கு, வீடு திரும்பியதும் அடுப்பும் தண்ணீர்க் குடமும் பிள்ளையின் வீட்டுப்பாடமும் காத்திருக்கின்றன. விளையாட்டு குணத்தை வளர்க்கும் என்று பேசுபவர்கள் முதலில் விளையாட யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். பெண்கள் விளையாட்டை ஏற்பதில் திருச்சபையும் தாமதித்தது. 1928இல் உரோமையில் நடந்த பெண்கள் உடற்பயிற்சிப் போட்டியைத் திருத்தந்தை பதினோராம் பயஸ் வெளிப்படையாக எதிர்த்தார். இன்று திருச்சபையின் நிலை மாறிவிட்டது. பல ஊர்களில் பழக்கம் இன்னும் மாறவில்லை. மாலை வேளையில் எத்தனை ஆலய வளாகங்களில் பெண் பிள்ளைகள் பந்து ஆடுகிறார்கள் என்று ஒவ்வொரு பங்கும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.

உடலைப் பற்றிப் பேசும் நாம் நிலத்தையும் நீரையும் மறந்து பேச முடியாது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் நகரங்களில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அது பதிவு செய்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். ஜனவரி 31 தொன் போஸ்கோவின் திருநாள். தொழிலாளிச் சிறுவர்களுக்காக ஒப்பந்தம் எழுதியவரை நாம் பாடலோடு கொண்டாடும் நாளில் அது நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் திருநாள் மன்றாட்டில் இந்தப் 10 பேரையும் நினைப்பது நமக்குக் கடமை.

சாதியின் கோடும் இன்னும் அழியவில்லை. வேலூர் மறைமாவட்டத்து மக்களில் பெரும் பகுதியினர் தலித்துகள். பட்டியல் சாதியினர் பற்றிய 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவர்களை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. ஒரே தெருவில், ஒரே தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குக் கிடைக்கும் கல்வி, வேலை ஒதுக்கீடு மற்றதற்குக் கிடைப்பதில்லை. வெளியே நீதி கேட்கும் நாம் உள்ளேயும் கேட்க வேண்டும். கல்லறையில் சுவர், தேர்ப்பவனியில் தனிப் பாதை என்று தமிழகத் திருச்சபைக்குள் சாதி காட்டிய முகங்களை மறைக்க முடியாது. ஊர்த் திருவிழா விளையாட்டுப் போட்டியில் தெருவுக்கு ஓர் அணி என்று பிரிக்கும்போது, அந்தத் தெருக்கள் எப்படிப் பிரிந்தவை என்று யோசிக்க வேண்டும். பாலூவுக்குத் தந்த மண் குவளை வேறு வடிவில் நம் பங்கிலும் இருந்தால், அதை உடைக்க வேண்டியவர்கள் நாமே.

செய்ய வேண்டியவை

ஒலிம்பிக்கின் வேகமாக, உயரமாக, வலிமையாக என்ற முழக்கத்தை முதலில் சொன்னவர் ஹென்றி டிடோன் என்ற தோமினிக்கக் குரு. தன் பள்ளி மாணவர்களின் விளையாட்டு விழாவுக்காக அவர் சொன்னதை ஒலிம்பிக் எடுத்துக்கொண்டது. 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதோடு ‘ஒன்றாக’ என்பதையும் சேர்த்தது. நம் தோல் நகரங்களுக்கு அந்த நான்காவதுதான் முதலில் வேண்டும்.

விளையாட்டு ஓர் ஊருக்கு என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று இருக்கிறது. குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவக் கிராமங்களில் கால்பந்து மக்களின் மூச்சாக இருக்கிறது. மைக்கேல் சூசைராஜ் போன்றவர்கள் அந்தக் கரையிலிருந்து இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை சென்றார்கள். கடற்கரையில் முடிந்தது பாலாற்றங்கரையிலும் முடியும்.

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் பங்குத்தந்தையருக்கும் பள்ளி நிர்வாகங்களுக்கும் பங்குப் பேரவைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பள்ளி மணி அடித்ததும் திடலின் கதவைப் பூட்டாதீர்கள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள். எந்த மதம், எந்தத் தெரு என்று வாசலில் கேட்காதீர்கள். பெண் பிள்ளைகளுக்கும் கம்பெனியிலிருந்து திரும்பும் பெண்களுக்கும் வாரத்தில் நேரம் ஒதுக்கி, விளக்கு போட்டு, அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள். பயிற்சியாளருக்கு நியாயமான சம்பளம் கொடுங்கள். தன்னார்வம் என்ற பெயரில் அவர் உழைப்பைச் சுரண்டாதீர்கள். தடியும் வசவும் இல்லாத திடலாக இருக்கட்டும். திருவிழாப் போட்டிக்கு அணி பிரிக்கும்போது எல்லாத் தெருப் பிள்ளைகளையும் கலந்து பிரியுங்கள்.

ஷூ கம்பெனி நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் காலணி உலகமெங்கும் நடக்கிறது. அதைத் தைப்பவர்களுக்கு ஞாயிறு ஓய்வும், கால் நீட்டி ஓட ஒரு மைதானமும் தருவது தானம் அல்ல. அது அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியின் ஒரு பகுதி.

ரசிகர்களே, பெற்றோரே, திடல் திறந்தால் மட்டும் போதாது. திறந்த திடலில் பிள்ளைகளோடு நிற்க நீங்களும் வர வேண்டும்.